நம் வாக்கு மேலவைக்குப் போகும் வழி



2022 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலில் நாம் வாக்களித்தோம். ஒன்பது மாதங்கள்கூட நிறையவில்லை. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் சிலாங்கூர்ச் சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டது. மீண்டும் அதே பள்ளிக்கூடம், அதே வரிசை, விரலில் அதே மை. அந்தச் சமயத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா நம்மிடம் கேட்டார்: "வாத்தியாரே, பார்லிமெண்டுக்குத்தான் போன வருஷமே ஓட்டுப் போட்டாச்சே. அதுதானே பெரிய ஓட்டு? இந்தச் சின்ன ஓட்டுக்காகப் பிள்ளைங்களைக் கோலாலம்பூர்லேர்ந்து பஸ் பிடிச்சு வரச் சொல்லணுமா?"

நியாயமான கேள்விதான். அவர் மட்டுமல்லர், பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2022 இல் வாக்களித்தோரின் விகிதத்தைவிட 2023 இல் சிலாங்கூரில் வாக்களித்தோரின் விகிதம் குறைந்தே போயிற்று. ஆனால் அந்த அம்மா சின்ன ஓட்டு என்று சொன்னாரே, அந்த வாக்கும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. வாசல்தான் வேறு. அந்த வாசல் எது, அதன் வழியாக யார் உள்ளே போகிறார்கள், அதனால் தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு என்ன என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

நாடாளுமன்றம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மக்களவைதான். டேவான் ராக்யாட் என்று மலாயில் சொல்லப்படும் அந்த அவைக்கு 222 உறுப்பினர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டப்படி நாடாளுமன்றம் என்பது மூன்று அங்கங்கள் சேர்ந்தது: மாட்சிமை தங்கிய மாமன்னர், மேலவை, மக்களவை. மேலவையை டேவான் நெகாரா என்கிறோம். அதன் உறுப்பினரைச் செனட்டர் என்கிறோம். ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால், முதலில் மக்களவை, பிறகு மேலவை, இறுதியில் மாமன்னரின் ஒப்புதல் என்னும் மூன்று படிகளையும் கடக்கவேண்டும். இதுவே பொதுவான நடைமுறை.

மேலவையில் இன்று 70 இடங்கள் உள்ளன. இவற்றுள் 26 பேர் மாநிலங்களின் பிரதிநிதிகள். பதின்மூன்று மாநிலங்களுக்கும் தலைக்கு இரண்டு இடங்கள். மக்கள் தொகை மிகுந்த சிலாங்கூருக்கும் இரண்டுதான். சின்னஞ்சிறு பெர்லிஸ் மாநிலத்துக்கும் இரண்டுதான். எஞ்சிய 44 பேரும் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். அவர்களில் நால்வர் கூட்டரசுப் பிரதேசங்களுக்கு உரியவர்கள்: கோலாலம்பூருக்கு இருவர், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் ஒவ்வொருவர்.

இந்த மாநிலச் செனட்டர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதனையே மறைமுகத் தேர்தல் என்பர். மறைமுகம் என்றவுடன் ஏதோ ஒளித்துச் செய்வது என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிப் போகும் தேர்தல் என்பதே அதன் பொருள்.

தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு இந்த முறை புதிதன்று. தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் நாம் ஒரு பேராளரைத் தேர்ந்தெடுத்து மாநாட்டுக்கு அனுப்புகிறோம். மாநாட்டில் கூடிய பேராளர்கள் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவருக்கு நாம் நேரே வாக்களிக்கவில்லை. ஆனால் நாம் அனுப்பிய பேராளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் நல்ல தலைமை அமையும். தலையாட்டும் ஆளாக இருந்தால் வேறு விதமாக முடியும். செனட்டர் தேர்தலும் அதைப் போன்றதே. சட்டமன்ற உறுப்பினர் நம் பேராளர். ஷா ஆலமில் உள்ள சட்டமன்றம்தான் மாநாடு.

தேர்தல் நடக்கும் முறையை அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வகுத்துச் சொல்கிறது. மாநிலத்துக்குரிய இடம் காலியானதும் சட்டமன்றத்துக்கு அறிவிப்பு வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஒரு பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழியப்பட்டவர், பொறுப்பேற்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. முப்பது வயது நிறைந்த, இந்நாட்டில் வசிக்கும் குடிமகன் அல்லது குடிமகளாக இருந்து, சட்டம் சொல்லும் தடைகள் ஏதும் இல்லாதிருந்தால் போதும். காலி இடங்களைவிடப் பெயர்கள் கூடுதலாக இருந்தால் வாக்கெடுப்பு நடக்கும். அதிக வாக்குப் பெற்றவர் செனட்டர். வாக்குகள் சமமாகிவிட்டால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும். வாக்குச்சாவடியில் நாம் போடும் வாக்கு இரகசியமானது. சட்டமன்றத்தில் போடப்படும் இந்த வாக்கு அப்படிப்பட்டதன்று. யாருக்கு யார் வாக்களித்தார் என்பது பதிவு செய்யப்படும். ஆகவே, "எங்கள் சார்பில் யாரை அனுப்பினீர்கள்?" என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் தாராளமாகக் கேட்கலாம்.

செனட்டரின் தவணை மூன்று ஆண்டுகள். தொடக்கத்தில் ஆறு ஆண்டுகளாக இருந்து, பின்னர் குறைக்கப்பட்டது. ஒருவர் இரண்டு தவணைகளுக்கு மேல் செனட்டராக இருக்கமுடியாது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டாலும் செனட்டரின் பதவி கலைவதில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதன் விளைவைக் காண்போம்.

நம் வட்டாரத்து வாக்கு மேலவை வரையில் சென்ற கதை ஒன்று உண்டு. கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் மூன்று சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும்: புக்கிட் மெலாவத்தி, ஈஜோக், ஜெராம். ஈஜோக்கில் 2007 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா. சார்பில் பாரிசான் நேஷனல் வேட்பாளராக நின்ற கே. பார்த்திபன் வென்றார், கெஅடிலான் கட்சி வேட்பாளர் காலித் இப்ராஹிம் தோற்றார். ஓராண்டு கூட ஆகவில்லை. 2008 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் பொதுத் தேர்தலில் அதே ஈஜோக்கில் காலித் இப்ராஹிம் வென்றார். சிலாங்கூரின் மந்திரி பெசாராகவும் ஆனார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை கைமாறியது. அதன் பின் காலியான இடத்துக்கு, சிலாங்கூர்ச் சட்டமன்றம் 2009 ஆம் ஆண்டில் டாக்டர் சையட் உசின் அலியைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர் கிராமப்புற மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்த பேராசிரியர். காலித் இப்ராஹிம், சையட் உசின் அலி இருவரும் இன்று நம்மிடையே இல்லை.

எந்தக் கட்சி நல்லது, எது கெட்டது என்று சொல்வதற்காக இதனை நாம் கூறவில்லை. ஈஜோக்கில் வாழும் தோட்டத்துக் குடும்பங்கள் 2008 இல் சட்டமன்றச் சீட்டில் போட்ட குறி, மாநில அரசாங்கத்தை அமைப்பதில் ஒரு பங்கு வகித்தது. பிறகு மேலவையில் யார் அமர்வது என்பதிலும் அதற்குப் பங்கு இருந்தது. குறி போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தால், ஒரு பெயரையாவது அவர்களும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் அல்லவா?

இனி, மறைமுகத் தேர்தலிலேயே இருவகை உண்டு என்பதைப் பார்ப்போம். இந்தியாவில் மாநிலங்களவை என்று ஓர் அவை இருக்கிறது. அதன் 245 இடங்களில் 12 பேர் மட்டுமே நியமன உறுப்பினர்கள். மற்ற 233 பேரும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். அறிஞர் அண்ணா 1962 ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே ஆண்டில் அவர் மாநிலங்களவை உறுப்பினராகி டில்லிக்குச் சென்றார். அவருடைய கட்சிக்கு அப்போது 206 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தவர்கள் 50 பேர்தான். சிறுபான்மையாக இருந்தும் எப்படி முடிந்தது? அங்கே வாக்குகளைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்றாற்போலப் பங்கிடும் முறை இருக்கிறது. எதிர்க்கட்சிக்கும் அதன் பலத்துக்குத் தக்க இடம் கிடைக்கும்.

நம் நாட்டு முறை அப்படியன்று. எத்தனை இடம் காலியோ அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் வாக்களிக்கலாம். இதன் வேறுபாட்டைச் சிலாங்கூரைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். நம் சட்டமன்றத்தில் 56 இடங்கள். 2023 ஆம் ஆண்டுத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பானும் பாரிசான் நேஷனலும் சேர்ந்து 34 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 22 இடங்களையும் வென்றன. இரண்டு செனட்டர் இடங்கள் ஒன்றாகக் காலியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் முறைப்படி, 34 பேரும் தங்களுடைய இருவருக்கும் வாக்களிப்பார்கள். இருவருக்கும் 34, எதிர்த் தரப்பினருக்கு 22. இரண்டு இடமும் ஒரு தரப்புக்கே போய்விடும்.

இந்திய முறைப்படி என்றால், இரண்டு இடத்தோடு ஒன்றைக் கூட்டி, அந்த மூன்றால் 56 ஐ வகுக்கவேண்டும். பதினெட்டுச் சொச்சம் வரும். சொச்சத்தைத் தள்ளிவிட்டு ஒன்றைக் கூட்டினால் 19. பத்தொன்பது பேர் ஆதரவு உள்ளவர் வெற்றி பெறுவார். மூன்று பேர் ஆளுக்குப் பத்தொன்பது பெறவேண்டுமானால் 57 பேர் தேவை. இருப்பதோ 56 பேர். ஆகவே இருவர்தாம் வெல்ல முடியும். 34 பேர் உள்ள தரப்புக்கு ஓர் இடம், 22 பேர் உள்ள தரப்புக்கு ஓர் இடம். தேர்தல் முறையை மாற்றினால் முடிவும் மாறுகிறது. நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே போடக்கூடிய கணக்குத்தான் இது. ஆனால் ஒரு சிறு கூட்டத்தாரின் குரல் அவைக்குள் கேட்குமா, கேட்காதா என்பது இந்தக் கணக்கிலேதான் அடங்கியிருக்கிறது.

அடுத்து, நியமன உறுப்பினர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம். சுதந்திரத்துக்கு முன், 1956 இல் அமைக்கப்பட்ட ரீட் ஆணைக்குழு நம் அரசியலமைப்பின் முதல் வரைவைத் தயாரித்தது. மேலவையில் மாநிலங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவோரே பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. 1957 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பிலும் மேலவை அப்படியே வகுக்கப்பட்டது. பதினொரு மாநிலங்களிலிருந்து 22 பேர். நியமன உறுப்பினர் 16 பேர். இன்று தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. மாநிலங்களுக்கு 26, நியமனத்துக்கு 44. கால ஓட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களின் விளைவு இது.

நியமனம் என்றாலே தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். பொதுத் தொண்டு, தொழில், விவசாயம், கலாசாரம், சமூக சேவை முதலியவற்றில் சிறந்தவர்களையும், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளையும், பழங்குடி மக்களின் நலனைப் பேசக்கூடியவர்களையும் நியமிக்கலாம் என்று சட்டமே கூறுகிறது. மேலவையில் அமர்ந்த நம்மவர்கள் பலர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன் செனட்டராக இருந்தவர். ஜி. வடிவேலு 1992 முதல் 1995 வரையிலும், எஸ். ஏ. விக்னேஸ்வரன் 2016 முதல் 2020 வரையிலும் மேலவைத் தலைவராகவே வீற்றிருந்தார்கள். உலு சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினராக 1990 முதல் இருந்த ஜி. பழனிவேல், 2008 இல் அங்கே தோற்றார். 2010 இல் செனட்டராக நியமனம் பெற்றுத் துணையமைச்சரானார். மறு ஆண்டு அமைச்சருமானார். பிரதமர் மக்களவையிலிருந்துதான் வரவேண்டும்; அமைச்சர்கள் எந்த அவையிலிருந்தும் வரலாம் என்பது சட்டம்.

நியமன வாசல் வழியாகச் சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கிறது, அது நன்மை. ஆனால் நியமிக்கப்பட்டவரை நாம் மாற்றவும் முடியாது. அவரிடம் கணக்குக் கேட்கவும் நமக்கு வழியில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட செனட்டரிடம், ஒரு கை தாண்டியேனும், கேட்க வழியிருக்கிறது.

"மேலவைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? கீழே முடிந்ததற்கு மேலே முத்திரை குத்துவதுதானே வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. வரவு செலவுத் திட்டம் போன்ற பண மசோதாவை மேலவை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்து வைக்க முடியாது. மற்ற மசோதாக்களை ஏறக்குறைய ஓராண்டு தாமதப்படுத்தலாம். அரசியலமைப்பையே திருத்தும் மசோதா என்றால், பொதுவாக இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்த திருத்தம் 2019 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் மக்களவையிலும், ஜூலை 25 ஆம் நாள் மேலவையிலும் நிறைவேறியது. நம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இன்று வாக்களிக்கிறார்கள் என்றால், அந்த உரிமையும் மேலவையைக் கடந்து வந்ததுதான்.

மேலவை முத்திரை குத்த மறுத்த சம்பவமும் உண்டு. 2018 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள் பொதுத் தேர்தலில் மத்திய அரசாங்கம் மாறியது. முந்திய அரசாங்கம் ஏப்ரல் மாதத்தில் இயற்றிய பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை இரத்து செய்யும் மசோதாவைப் புதிய அரசாங்கம் கொண்டுவந்தது. ஆகஸ்டு மாதத்தில் மக்களவை அதனை நிறைவேற்றியது. செப்டம்பர் 12 ஆம் நாள் மேலவை அதனைத் தள்ளிவிட்டது. ஆதரவு 21, எதிர்ப்பு 28. மக்களவை மாறிவிட்டது, ஆனால் பழைய செனட்டர்கள் பலர் தங்கள் தவணை முடியாமல் அங்கேயே இருந்தார்கள். நாடாளுமன்றம் கலைந்தாலும் செனட்டர் பதவி கலையாது என்று முன்பு சொன்னோமே, அதன் விளைவு இதுதான். 2019 அக்டோபரில் மக்களவை மீண்டும் நிறைவேற்றி, டிசம்பரில் மேலவையும் ஏற்ற பிறகே காரியம் முடிந்தது. மேலவை வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இவற்றால் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு என்ன என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

நம் வாழ்வைத் தொடும் சட்டங்களை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்ச அளவை விதிக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் இரு அவைகளையும் கடந்து வந்தது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிவகுத்த 2011 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே வந்தது. அதன்படி 2013 இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கிய தொகை, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. சம்பளமும் தொழிலாளர் சட்டமும் மத்தியில் இருக்கின்றன. நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்னும் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராடியதை நாம் அறிவோம். வீட்டுப் பிரச்சினை என்றால் நிலத்துக்கு ஷா ஆலம் போகவேண்டும். சட்டத்துக்கும் பணத்துக்கும் புத்ராஜெயா போகவேண்டும். மாநிலத்தின் சார்பில் மத்தியில் பேசுவதற்கென்றே அமைந்தவர் மாநிலச் செனட்டர். அவர் நம் குறையை அறிந்தவராக இருப்பது நல்லதல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபின், நம்மவர்கள் இன்னும் பல தொகுதிகளில் சிதறிவிட்டார்கள். சபாக் பெர்ணமில் சில குடும்பங்கள், தஞ்சோங் காராங்கில் சில, புக்கிட் ரோத்தானில் சில என்று பரவியிருக்கிறோம். சிதறிக் கிடப்பவர்களுக்காகப் பேச ஓர் அவை வேண்டும் என்பது மேலவையின் நோக்கங்களில் ஒன்று. அத்தகைய அவையைப் பற்றி நாமே அறியாமல் இருந்தால், நமக்காக அங்கே யார் பேசுவார்கள்?

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, நம் வீடு எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது, அதன் உறுப்பினர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது. இரண்டாவது, கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ அவர் வரும்போது, மாலை போடுவதோடு நின்றுவிடாமல், "சிலாங்கூரின் இரு செனட்டர்கள் யார்? அடுத்து இடம் காலியாகும்போது யாரை முன்மொழிவீர்கள்?" என்று மரியாதையோடு கேட்பது. மூன்றாவது, தொழிற்சங்கக் கிளையோ ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, தங்கள் கோரிக்கையைச் செனட்டர்களுக்கும் எழுதி அனுப்புவது. மேலவையில் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை செனட்டர்களுக்கு உண்டு. மக்களவை உறுப்பினருக்கு மட்டும் எழுதுவதும் செனட்டரை மறந்துவிடுவதும், இரண்டு கதவுள்ள வீட்டில் ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பிவருவது போன்றது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913 ஆம் ஆண்டில் அவர்கள் அரசியலமைப்பைத் திருத்தி, மக்களே நேரடியாக வாக்களிக்கும் முறைக்கு மாறினார்கள். நம் அரசியலமைப்பின் 45 ஆவது விதியிலும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். மாநிலச் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும், மாநிலத்துக்கு மூன்று பேராக உயர்த்தவும், நியமன உறுப்பினர்களைக் குறைக்கவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அது கூறுகிறது. அந்தக் கதவு 1957 முதல் அங்கே இருக்கிறது. இதுவரை யாரும் அதனைத் திறக்கவில்லை. திறக்கவேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கும் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மாவுக்கு நாம் இத்தனையும் சொல்லவில்லை. "அம்மா, இந்த ஓட்டு மொதல்ல ஷா ஆலமுக்குப் போகும், அங்கேயிருந்து பார்லிமெண்டுக்கும் போகும்" என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா ஒரு ஓட்டுக்கு ரெண்டு வேலையா?" என்றார். வாக்களிப்பு நாளன்று பிள்ளைகள் இருவரோடும் அவர் வரிசையில் நின்றார்.

ஒரு வாக்குக்கு இரண்டு வேலை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரும்போது இதனை நீங்களும் நினைவில் வையுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.